இளிச்சவாயனும் கசந்த பருவம்

ஜூன் 11

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

அண்ணி எழுதறேன். நான் சுகம், செடிகள் சுகம், எங்க பூச்சி ஆராய்ச்சிக்காரர் புழு சாரோட புழுக்கள் எங்க எல்லாரையும் விட சுகம். உன் தலைவலி எப்படி இருக்கு? நாள் பூரா அடுத்தவங்க கண்ணைச் சோதிச்சுட்டு உன் கண்ணை விட்டுடாத.

உங்கண்ணனைக் கப்பலுக்கு அனுப்பி ஒரு மாசம் ஆகப்போகுது. அவரோட செருப்பு வாசல்லயே கிடக்கு. எடுத்து உள்ள வைக்கலாம்னு தினமும் நெனைக்கறேன், வைக்கறதில்ல.

ஒரு கத்தரிக்காய்க்கு எதுக்கு அண்ணி இத்தனை வருஷம், இதுக்குள்ள ஒரு தெருவே கட்டியிருக்கலாமேன்னு கேட்டிருந்தே. சொல்றேன் கேளு. காட்டுக் கத்தரின்னு ஒண்ணு இருக்கு. உடம்பெல்லாம் முள்ளு, காய் கோலிகுண்டு அளவு, ஒரு கடி கடிச்சா கசப்பு உச்சந்தலைக்கு ஏறும். ஆனா காய்த்துளைப்பான் புழு அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. நாம சமைக்கற கத்தரி நேர் எதிர். சதையா, இனிப்பா இருக்கும், புழுவுக்குக் கல்யாண விருந்து. மருந்து அடிச்சாலும் புழு காய்க்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கும், மருந்து நம்ம வாய்க்குத்தான் வரும். அதனால ரெண்டு கத்தரியையும் கலந்து, அதுல வந்ததை மறுபடி நல்ல கத்தரியோட கலந்து, திரும்பத் திரும்ப இதேதான். கசப்பை விரட்டினா புழு வருது, புழுவை விரட்டினா கசப்பு வருது. விரட்டி விரட்டி எனக்குக் கல்யாணமும் ஆச்சு, காதோரம் நரையும் வந்தாச்சு.

இப்ப எங்க ஆராய்ச்சிப் பண்ணையோட தலைமை ஆபீஸ்ல கடைசியாச் சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் முடியறப்போ நிலத்தைத் தக்காளி ஆராய்ச்சிக்காரங்ககிட்ட ஒப்படைக்கணும். அதுக்குள்ள புழு விழாத, கசக்காத செடி ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் அதோட விதையை வெச்சுத் தொடரலாம். இல்லேன்னா எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுட்டு, செடி வளக்கற வலைக்கூடத்தைப் பூட்டணும்.

புழு விழாத செடிகள் இந்த வருஷம் நிறையவே நிக்குது. அது எப்படித் தெரியும்னா, வரிசைக்கு வரிசை நடுவுல சாதாரணக் கத்தரி ஒரு வரிசை நடுவோம். புழு முதல்ல அதைத்தான் தின்னும். அது குருத்து தொங்கி நின்னாத்தான் புழு நெஜமாவே வந்திருக்கு, பக்கத்துச் செடி நெஜமாவே தப்பிச்சிருக்குன்னு நம்புவோம். வேலைக்கு வர்ற பெண்கள் அதுக்கு வெச்ச பேரு இளிச்சவாயன்.

பாக்கி ருசிதான். அடுத்த வாரம் காயை அறுத்து வாயில போட ஆரம்பிக்கணும். ருசி பாக்க ஆரம்பத்துல இருந்தே என் நாக்குதான். ஆளுக்கு ஆள் கசப்பு மாறும், அதனால நாக்கை மாத்தக் கூடாதுன்னு இங்க ஒரு வழக்கம். புழு சார் சிகரெட் பிடிக்கறவர், அவர் நாக்கை யாரும் கணக்குல சேக்கறதில்ல.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

தலைவலி போயே போச்சு. நீங்க நல்லாத் தூங்கறீங்களா, சாப்பிடறீங்களா? தனியா இருக்கோமேன்னு ரொட்டியோட முடிச்சுக்காதீங்க.

இளிச்சவாயனைப் படிச்சுட்டுக் கடையில சத்தமாச் சிரிச்சுட்டேன். மொதலாளி கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு என்னைப் பாத்தார். அவருக்குக் கண்ணாடியோட பாத்தா நம்பிக்கை வராது. எனக்கு உங்க நிலத்துலயே அந்தச் செடிதான் பிடிச்சிருக்கு. எந்தக் குடும்பத்துலயும் அப்படி ஒருத்தர் வேணும். நம்ம குடும்பத்துல அது நான்தான்னு அண்ணன் சொல்லுவான்.

இங்க ஒரே மழை. கடைக்கு ஆள் வராத மத்தியானத்துல ஒரு தாத்தாவோட தடிக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். தெரு விளக்கெல்லாம் உப்பிப்போய் மெதக்குது. சைக்கிள்ல போறவங்க கரைஞ்சு கரைஞ்சு வேற ஆளா ஆகறாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். எனக்கு எதுவும் தெளிவாத் தெரிய வேணாம்னு இருந்துது.

அண்ணன்கிட்ட இருந்து துறைமுகத் தபால் அட்டை ஒண்ணு வந்துது. உங்களுக்கு எழுதினதை விட எனக்கு ரெண்டு வரி அதிகம் எழுதியிருக்கான். நாத்தனார்னா இதையெல்லாம் குத்திக் காட்டணும்னு சட்டம் இருக்கு, அதான் காட்டிட்டேன்.

காய் இனிச்சுதான்னு உடனே எழுதுங்க.

கண்ணாடி


ஜூலை 3

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

சுகம். அட்டையில ரெண்டு வரி அதிகம்னு ரொம்ப மெதப்பா இருக்காத. எனக்கு வந்ததுல எழுத்து பெருசு.

காய் இனிக்கல.

முதல் வரிசை பூரா கசப்பு. சரி, மண்ணுக்கு மண் மாறும்னு ரெண்டாவது வரிசைக்குப் போனேன். அதுவும் அப்படித்தான். பச்சையா ஒரு துண்டு வாயில போட்டு, மென்னு, துப்பி, உப்புத் தண்ணியில வாயைக் கொப்புளிச்சுட்டு அடுத்தது. ஒரு வாரம் இதே வேலை. கடைசி மூலையில ஒரு செடி நிக்குது, காய் நீளமா, தோல் பளபளன்னு, முள்ளே இல்லாம. அதுமேல உயிரையே வெச்சிருந்தேன். அதைக் கடிச்சுட்டு வாயைத் திறந்தபடி நின்னேன்.

மழை ஈரத்துல எங்க உக்காந்தாலும் தூக்கம் வருது. வலைக்கூடத்துக்குள்ள ஒரு சாக்கை விரிச்சு, கண்ணை மூடித் திறந்தா காலையா சாயங்காலமான்னு புரியறதில்ல. வெள்ளை வலை வழியா வர்ற வெளிச்சத்துக்கு நேரமே கிடையாது. நேத்து அங்க ஒரு கனவு. வலைக்கூடம் அப்படியே தரையை விட்டுக் கெளம்பி கடல்ல மெதந்து போகுது. செடிகள் எல்லாம் பூத்திருக்கு. உங்கண்ணன் கப்பல் மேல்தட்டுல சாஞ்சு நின்னு, காய் எப்படி இருக்குன்னு கேக்கறார். எனக்கு வாய் நெறைய என்னமோ இருக்கு, பதில் சொல்ல முடியல. தண்ணி சத்தம் மட்டும் கேக்குது. முழிச்சப்போ மழைதான் பெஞ்சுட்டிருந்துது.

டீத்தூளும் சரியில்ல, ஒரே கசப்பு. கடைக்காரரை மாத்தணும்.

வேற செய்தி இல்ல. உன் உடம்பைப் பாத்துக்கோ.

உன் அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். உங்க கடிதத்தைப் படிச்சுட்டு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த மூலைச் செடியை நான் பாத்ததே இல்ல, ஆனாலும் என்னமோ சொந்தக்காரங்க ஃபெயிலான மாதிரி இருக்கு.

நான் படிச்சது கண்ணாடிக் கடைப் படிப்புதான், தப்பா இருந்தா ஒரு கொட்டு வைங்க. போன மாசம் ஒருத்தர் வந்து சண்டை போட்டார். கண்ணு சோதிக்கற உங்க போர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு, புதுசு மாட்டத் துப்பில்லையான்னு. ஒரு எழுத்து மங்கலாத் தெரிஞ்சா நாங்க போர்டைத் துடைப்போம். எல்லா எழுத்தும் மங்கலாத் தெரிஞ்சா ஆளை உக்கார வெச்சுக் கண்ணைத்தான் பாப்போம்.

உங்க நிலத்துல எல்லாச் செடியும் ஒரே சமயத்துல கசக்குது. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதா நீங்க எழுதினதே இல்ல. டீ வேற கசக்குதுன்றீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாதாரணக் கத்தரிதானே இளிச்சவாயன், அதோட காயை அறுத்து வாயில போட்டுப் பாத்தீங்களா? அது எப்படி இருக்கு?

அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க, போதும்.

கண்ணாடி


ஜூலை 23

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

சுகம். பதில் தாமதம், கோவிச்சுக்காத. வேலை இருந்துது, வேலை இல்லாதப்போ தூக்கம் இருந்துது.

மத்தியானத்துல இப்பல்லாம் புழு சார் அறையிலதான் உக்காந்திருக்கேன். அரையிருட்டு, குளுகுளுன்னு இருக்கும். அலமாரி நெறைய பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள்ள கத்தரிக்காய்த் துண்டு, துண்டுக்குள்ள புழு. காய் வாடறதுக்கு முன்னாடி மாத்துவார். புழு கூடு கட்ட எறங்கறப்போ காஞ்ச இலையைக் கசக்கிப் போடுவார். செடியைக் காப்பாத்தறதுக்காகத்தான் இதை வளக்கறோம்னு அவர்கிட்ட சொன்னா, அது உங்க வேலை, என் வேலை இதுங்க பசியோட இருக்கக் கூடாதுன்றது அப்படிம்பார். முந்தாநாள் கூண்டுல அந்துப்பூச்சி எல்லாம் ஒண்ணாப் பொறந்துது. வெள்ளை றெக்கையில இளஞ்சிவப்பாக் கறை. சர்க்கரைத் தண்ணி நனைச்ச பஞ்சைத் தொங்க விட்டார். அதுங்க அதைச் சுத்தி எழுந்து உக்காந்து எழுந்து உக்காந்து, பாத்துட்டே இருந்தேன், பொழுது எங்க போச்சுன்னே தெரியல. பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நகத்தி வெச்சுட்டு அவர் வெளிய போய் சிகரெட் பிடிச்சார். முன்னெல்லாம் ஜன்னல்கிட்ட நின்னே பிடிப்பார், இப்ப ரொம்ப தூரம் போறார்.

ருசி மதிப்பெண்ணைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பியாச்சு. எல்லாம் கசப்பு. ஆகஸ்ட் கடைசியில ஆளுங்க வந்து பிடுங்குவாங்கன்னு பதிலும் வந்தாச்சு. அவ்வளவுதான். எதுக்கும் ஒரு முடிவு உண்டு.

மழையில நனையாத. குடை எடுத்துட்டுப் போ.

உன் அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

குடை எடுத்துட்டுத்தான் போறேன். அந்துப்பூச்சி வந்துது, பிஸ்கட் வந்துது, புழு சார் சிகரெட் வந்துது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன், நீங்க ஒரு தோட்டத்தையே மறைக்கறீங்க.

எனக்கு ஒரு நெனைப்பு வந்திருக்கு. அதை எழுத மாட்டேன். தப்பா இருந்தா சிரிச்சுட்டு விட்டுடுங்க. ஆனா கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்னு சும்மாவா சொன்னாங்க.

அண்ணன் மறுபடி எழுதியிருக்கான். "உங்க அண்ணி கடிதத்துல செடி மட்டும்தான் இருக்கு, அவ எங்க இருக்கான்னே தெரியல, நீயாவது எழுது"ன்னு கேக்கறான். என்ன எழுதட்டும்?

நேத்து கண் பரிசோதிக்கற நாற்காலியில நானே உக்காந்துக்கிட்டு, லென்ஸை ஒண்ணு மேல ஒண்ணா மாத்திப் பாத்துட்டிருந்தேன். இப்ப தெரியுதா, இப்ப தெரியுதான்னு என்னை நானே கேட்டுக்கிட்டேன். ஜன்னல் ஒரு தடவை கிட்ட வந்துது, ஒரு தடவை எங்கேயோ போச்சு. நீங்களும் அப்படித்தான் இருக்கீங்க அண்ணி. கிட்ட வாங்க.

கண்ணாடி


ஆகஸ்ட் 7

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இளிச்சவாயனும் கசந்துது. தண்ணி கசக்குது, பல் விளக்கற பேஸ்ட் கசக்குது, என் எச்சில் கசக்குது. கோளாறு செடியில இல்ல. ஜூன் மாசமே எனக்குத் தெரியும்.

உன் நெனைப்பு தப்பு இல்ல. அதை எழுதாத. நானும் எழுத மாட்டேன்.

போன ரெண்டு தடவையும் இதே கசப்பு. ரெண்டு தடவையும் ஒரு நாள் காலையில டீ இனிச்சுது. அன்னிக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரி. அது கூடப் பரவாயில்ல. உங்கண்ணன் சந்தோஷத்துல கப்பல் பூரா சொல்லி, நம்ம வீட்டுல சொல்லி, இங்க எல்லாருக்கும் சொல்லி, அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து எத்தனையாவது மாசம்னு என்கிட்ட கேட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லன்னு சொன்னேன். பால்காரர்கிட்ட சொன்னேன். தபால்காரர்கிட்ட சொன்னேன். சொல்லச் சொல்ல மறுபடி மறுபடி போன மாதிரி இருந்துது. அந்த "இல்ல"வை இன்னொரு தடவை சொல்ல என்கிட்ட தெம்பு இல்லடி.

இப்ப தினமும் காலையில கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி நாக்கைத்தான் பாக்கறேன். கசந்தா நிம்மதியா எழுந்துக்கறேன்.

என் நாக்கு சரியில்ல, நான் குடுத்த மதிப்பெண் செல்லாதுன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் ஒண்ணுதான் இருக்கு. சொல்ல மாட்டேன். செடி போனா போகட்டும். செடியைப் பிள்ளைன்னு சொல்றவ நான் இல்ல.

உங்கண்ணனுக்கு எழுதாத.

உன் அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதன்னீங்க, அதனால அதை எழுதல.

காலையில எழுந்ததும் வெறும் வயித்தோட நிக்காதீங்க. நெலத்துல குனியற வேலையை மத்தவங்க பாத்துக்கட்டும். வழுக்கற செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு அண்ணன் செருப்பை மாட்டிக்கோங்க, வாசல்ல சும்மாதானே கிடக்கு, பெருசா இருந்தாலும் அடி நல்லாப் பிடிக்கும். மத்தியானம் தூக்கம் வந்தா தூங்குங்க. எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னு என்னைக் கேக்காதீங்க, மழைக்காலம்னா நான் இப்படித்தான் சொல்லுவேன்.

அண்ணனுக்கு ஒரு பக்கம் எழுதினேன். மழையைப் பத்தி எழுதினேன், மொதலாளியைப் பத்தி எழுதினேன். என் வாழ்க்கையிலயே அவன்கிட்ட ஒண்ணை மறைச்சது இதுதான் முதல் தடவை. சின்ன வயசுல மிட்டாயைக்கூட மறைக்க வராது எனக்கு.

சரி, தோட்டத்துக்கு வர்றேன். சூடான காபி குடிச்சு நாக்கு வெந்துபோச்சுன்னு சொல்லுங்களேன். பொய்தான். ஆனா பொய் சொல்லியாவது அந்த மூலைச் செடியை நிக்க வைங்க. ஒரு காயை வேற யாராவது கடிச்சுப் பாக்கட்டும்.

செடி போனா போகட்டும்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியில உங்க கையெழுத்து வேற மாதிரி இருக்கு. செடியும் போயி, மத்ததுக்கும் பயந்துக்கிட்டு, ஒண்ணுமில்லாத நெலத்தைப் பாத்துட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கற அண்ணியை என்னால நெனைச்சுப் பாக்க முடியல. எனக்கு அழுகை வருது. நான் வரட்டுமா? மொதலாளி லீவு தர மாட்டார், கேக்காமலே வந்துடறேன்.

கண்ணாடி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா இருக்கீங்களா? உங்க கடிதம் வரல. தபால்காரர் எங்க கடையைத் தாண்டிப் போறதைத் தினமும் பாக்கறேன். நேத்து ஒரு அம்மாவுக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் குடுத்துட்டேன். அவங்க நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

உங்க ஆபீஸ் போன்ல கூப்பிட்டேன். புழு சார்தான் எடுத்தார். என்ன கேக்கறதுன்னு தெரியாம, "செடியெல்லாம் எப்படி இருக்கு"ன்னு கேட்டேன். "இருக்கு"ன்னார். "அண்ணி"ன்னேன். "அவங்களும் இருக்காங்க"ன்னார். அந்த மனுஷனுக்கு வார்த்தையைச் செலவு பண்ண மனசே வராது போல. ஆனா அந்த ஒரு வாக்கியத்தை வெச்சுத்தான் ரெண்டு நாளாத் தூங்கறேன்.

ஒரு வரி போடுங்க.

கண்ணாடி


செப்டம்பர் 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் இருக்கேன். கசப்பும் இருக்கு. இதை முதல்ல எழுதிட்டு மத்ததை எழுதறேன்.

பொய் சொல்லலாம்னு காபி எல்லாம் போட்டு வெச்சேன். ஆனா நாக்கு வெந்தா நாலு நாள்ல சரியாயிடும், மறுபடி என்னையேதான் ருசி பாக்கச் சொல்லுவாங்க. ஜூன்ல இருந்து நான் எழுதின கசப்பெல்லாம் நெஜம்னே இருந்துடும். பேசாம இருந்துட்டேன். உனக்கும் எழுத வரல.

போன வாரம் காலையில ஆளுங்க கடப்பாரையோட வந்தாங்க. பனி மூட்டம். பக்கத்து ஆள் கூட பாதிதான் தெரியறார். நான் வரப்புல நின்னுட்டிருந்தேன், உங்கண்ணன் செருப்போட. முதல் வரிசையைப் பிடுங்கினாங்க. ஈர மண்ணுல இருந்து கத்தரி வேர் வர்ற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், எத்தனையோ வருஷமாக் கேட்டதுதான். அன்னிக்கு மட்டும் அது யாரோ பக்கத்துல மெதுவாப் பேசற மாதிரி கேட்டுது. என்ன பேசறாங்கன்னு புரியல. ரெண்டாவது வரிசையில கை வைக்கப் போனாங்க.

நிறுத்துங்கன்னு சொன்னேன். என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம்.

புழு சார் திரும்பிப் பாத்தார். "என் நாக்கு சரியில்ல சார்"னேன். "எப்ப இருந்து"ன்னு கேட்டார். "ஜூன்ல இருந்து. இளிச்சவாயனும் கசக்குது." முட்டை, புழு, கூடு, அந்துன்னு இதையே பாத்துப் பாத்து வாழற மனுஷன், அவருக்கு விளக்கம் தேவைப்படல. "எனக்கு ஜூலையிலயே ஒரு சந்தேகம்மா, நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்"னார். வேலைக்கு வந்த பெண்கள் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தி தலையில கட்டியிருந்த துணியை அவுத்து நான் உக்கார விரிச்சா. எனக்கு அழுகை வந்துது. நெஜமாச் சொல்றேன், வெக்கமே இல்லாம அழுதேன்.

அப்புறம் ஒரே கூத்து. புழு சார் காயைப் பறிச்சு அறுத்தார். வாட்ச்மேன், டிரைவர், குமாஸ்தா, வேலைக்கு வந்த அத்தனை பேரும் வரப்புல வரிசையா உக்காந்து, கடிச்சு, மென்னு, உப்புத் தண்ணியில கொப்புளிச்சு, அடுத்ததைக் கடிச்சாங்க. கசக்குதா, கசக்குதான்னு கேட்டுட்டே போறார். பனிக்குள்ள இருந்து கசப்பு, கசப்பு, லேசாக் கசப்புன்னு குரல் மட்டும் வருது. சில செடிக்கு மட்டும் எல்லாரும் தலையாட்டினாங்க. அந்த மூலைச் செடிக்கு டிரைவர் இன்னொரு துண்டு கேட்டார்.

அதே காயைப் புழு சார் புழுவுக்கும் வெச்சுப் பாத்தார். அதுங்க பக்கத்துல போயிட்டு வந்துடுது. ரெண்டு நாள் பட்டினி கிடந்துது, அவரும் சரியாச் சாப்பிடல. பாவம், அதுங்களுக்குப் பிடிக்கல போலன்னு வருத்தமாச் சொன்னார். எனக்கு இதை விடப் பெரிய பரிசு எங்க கிடைக்கும்.

தலைமை ஆபீஸுக்கு நானே எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். விதை எடுக்கற வரைக்கும் அந்தச் செடிகள் நிக்கலாம்னு பதில் வந்துது. பிடுங்கின முதல் வரிசையில எது இருந்துதோ, அது இனிமே தெரியாது. அது என்னாலதான்.

இப்ப இங்க எல்லாருக்கும் தெரியும். வழியில நிறுத்தி, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. சாப்பிட்டேன்னு சொல்லிட்டு வேகமா நடந்துடறேன். உங்கண்ணனுக்கு மட்டும் இன்னும் வேணாம். அந்த ஆளோட சந்தோஷத்தை மறுபடி ஒரு தடவை என் கையால உடைக்க முடியாது.

நீ வர வேணாம். லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்காத.

உன் அண்ணி


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கடை வாசல்லயே நின்னு படிச்சேன். வெயில் வந்திருந்துது, எதிர்ல இருக்கற ஜன்னல் எல்லாம் கண் கூசற மாதிரி மின்னுது. கண்ணாடியைக் கழட்டி ரெண்டு தடவை துடைச்சேன். மூணாவது தடவைதான் தெரிஞ்சுது, ஈரம் கண்ணாடியில இல்லன்னு.

முதல் வரிசை போனதுக்கு உங்களை நீங்களே அடிச்சுக்காதீங்க. மிச்சத்தை நிறுத்தினதும் நீங்கதான்.

அண்ணன்கிட்ட இருந்து வந்த அட்டையை இதோட அனுப்பறேன், நீங்களே படிங்க. "எல்லாரும் என்கிட்ட எதையோ மறைக்கறீங்க, கப்பல்ல இருக்கறவனுக்குக் கடலைத் தவிர எதுவும் தெரியாதுன்னு நெனைச்சீங்களா"ன்னு எழுதியிருக்கான். பதில் எழுதல. எழுதினா உளறிடுவேன்.

நான் எழுத மாட்டேன் அண்ணி. நீங்க சொல்ற வரைக்கும் என் வாயில பூட்டு. ஆனா ஒண்ணு சொல்லணும். நான் தினமும் உங்களைப் பத்தி நெனைக்கறேன். கண்ணை மூடினா பனியும், வரப்பும், அண்ணன் செருப்போட நீங்களும். எனக்குப் பயமா இருக்கு, அதே அளவுக்கு ஆசையாவும் இருக்கு. ரெண்டையும் மறைக்கத் தெரியல.

கசக்குதா? கசக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க.

கண்ணாடி


செப்டம்பர் 23

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கசக்கல.

பயப்படாத, முழுசாப் படி.

செவ்வாய்க்கிழமை காலையில டீ குடிச்சேன். அது டீயா இருந்துது. டம்ளரை வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். இன்னொரு வாய் குடிச்சேன். இனிப்பு. தண்ணி குடிச்சேன். வெறும் தண்ணி. எழுந்து எங்க போறேன்னு தெரியாம நெலத்துக்குப் போயிட்டேன். மூலைச் செடியில ஒரு காயைக் கிள்ளி, துடைக்கக்கூட இல்ல, அப்படியே கடிச்சேன். கசப்பே இல்ல. இளசா, லேசா இனிப்பா, பால் வாசனையோட இருந்துது. எத்தனை வருஷமா அந்த ருசிக்குக் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியும். அது வாயில இருக்கறப்போ நான் மண்ணுல உக்காந்து, வேணாம், வேணாம், கசந்துடுன்னு கெஞ்சிட்டிருந்தேன்.

புழு சார் பாத்துட்டார். ஜீப்பை அவரே ஓட்டினார், மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போச்சு. ரோட்டோர மரமெல்லாம் மெதுவா வந்து மெதுவாப் போச்சு. எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்துது. ஆஸ்பத்திரிச் சுவர்ல பச்சைப் பெயிண்ட் உரிஞ்சிருந்துது, அதையே பாத்துட்டிருந்தேன். நர்ஸ் என்ன விஷயம்னு கேட்டாங்க. "டீ இனிக்குது"ன்னேன். அவங்க புழு சாரைப் பாத்தாங்க, புழு சார் சுவரைப் பாத்தார்.

டாக்டரம்மா படுக்க வெச்சு, வயித்து மேல இதயத் துடிப்பு கேக்கற கருவியை வெச்சுத் தேடினாங்க. இங்க இல்ல, அங்க இல்ல. நான் கண்ணை மூடிட்டேன். "இல்ல"ன்ற வார்த்தை வரப்போகுதுன்னு பல்லைக் கடிச்சுட்டுக் காத்திருந்தேன்.

அப்புறம் சத்தம் வந்துது. வேகமா, ஒரு பெரிய அவசரத்துல இருக்கற மாதிரி. உங்கண்ணன் ஒரு தடவை என்னைக் கப்பல் இஞ்சின் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார், அந்த மாதிரி நிக்காம ஓடுது. "இதுதான்"னாங்க டாக்டரம்மா. "கசப்பு இந்த மாசத்துல போகத்தான் செய்யும், போகலேன்னாத்தான் நீங்க வந்திருக்கணும்." இதை ஏன் யாரும் எனக்கு முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். நீங்க யார்கிட்டயும் கேக்கலையேம்மான்னாங்க.

கதவைத் திறந்து வெச்சுட்டாங்க, வெளிய நின்ன புழு சாருக்கும் கேக்கட்டும்னு. அவர் தலையைக் குனிஞ்சு கேட்டுட்டே இருந்தார். நானும் போதும்னு சொல்ல மனசு வராமக் கேட்டுட்டே படுத்திருந்தேன்.

உங்கண்ணனுக்கு நான் எழுதல. எழுத உக்காந்தா முதல் வரியையே கிழிச்சுக் கிழிச்சுப் போடறேன். நீயே எழுது. இன்னிக்கே எழுது, இனிமே மறைக்க வேணாம். மொதலாளிகிட்ட சொல்லு, தபால்காரர்கிட்ட சொல்லு, கண்ணாடி மாத்தி மாட்டிட்டுப் போனாங்களே, அந்த அம்மா திரும்பி வந்தா அவங்ககிட்டயும் சொல்லு. கேக்காதவங்ககிட்டயும் சொல்லு.

உன் அண்ணி